கருங்கூந்தலும் மாநிறமும்: நமக்கு எடுப்பான வண்ணங்கள் எவை?



நல்ல உடையும் நல்ல காலணியும் அணிய ஒருவர் விரும்புகிறார். அது பெருமையாகுமா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டது. அல்லாஹ் அழகை விரும்புகிறான் என்று விளக்கிய பெருமானார் அவர்கள், பெருமை என்பது உண்மையை ஏற்க மறுப்பதும் மனிதர்களை இழிவாகக் கருதுவதுமே என்று தெளிவுபடுத்தினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

இந்த நபிமொழியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. தனக்குப் பொருந்தும் ஆடையை விரும்பித் தேர்ந்தெடுப்பது குற்றமன்று என்பது ஒன்று. பிறரைத் தாழ்வாக எண்ணுவதே குற்றம் என்பது மற்றொன்று. நம் வீடுகளிலோ இவ்விரண்டும் தலைகீழாக நடக்கின்றன. ஒரு பெண் எடுப்பான வண்ணத்தில் ஆடை கேட்டால், "உன் நிறத்துக்கு அது எதற்கு?" என்கிறோம். அவளுடைய நிறத்தைக் குறைத்துப் பேசுவதுதான் மார்க்கம் கண்டித்த பெருமை என்பதை மட்டும் மறந்து விடுகிறோம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம் பெண்களில் மிகப் பெரும்பாலோர் மாநிறத்தவர். அல்லது கறுப்பு நிறத்தவர். கூந்தலோ எல்லோருக்கும் கருமை. பெருநாளுக்கும் நிக்காஹுக்கும் துணி எடுக்கச் செல்லும்போது, "கறுப்புக்கு இந்தக் கலர் எடுக்காது" என்ற சொல்லைக் கேட்காத பெண் நம்மிடையே அரிது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அச்சொல் இன்னும் கூர்மையாகிறது. ஒரு மாத இடைவெளியில் பெண்ணை எப்படியாவது வெளுக்கச் செய்துவிட வேண்டும் என்று தாய்மார்கள் கடை கடையாக ஏறி, பெயர் தெரியாத பூச்சுகளை வாங்குகிறார்கள். அதன் விளைவு சில வேளைகளில் மருத்துவமனை வரை சென்று முடிகிறது. அதைப் பின்னர் விரிவாகக் காண்போம். நிறத்தை மாற்ற முயல்வதை விட, அந்த நிறத்துக்குப் பொருந்தும் வண்ணத்தை அறிந்துகொள்வது எளிது, செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை. அந்த வழியைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாநிறம் குறையன்று

மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்று என்று அர்ரூம் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் உணர்த்துகிறது. நிறம் ஓர் அத்தாட்சி என்றால், அதைக் குறை என்று கூற நமக்கு உரிமையேது? இறுதி ஹஜ்ஜின் பேருரையில், வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ, கறுப்பருக்கு வெள்ளையரை விடவோ இறையச்சத்தால் அன்றி மேன்மை கிடையாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். சுவர்க்கத்துப் பெண் ஒருவரைக் காட்டவா என்று தம் மாணவரிடம் கேட்ட இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், ஒரு கறுப்பு நிறப் பெண்மணியைத்தான் சுட்டிக் காட்டினார்கள். வலிப்பு நோயைப் பொறுத்துக்கொண்டு சுவர்க்கத்தைத் தேர்ந்தெடுத்த அந்த மாதரசியின் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது.

நம் தாய்மொழியும் இதையே சொல்கிறது. சங்க இலக்கியத்தில் மாமை என்பது மாந்தளிர் போன்ற மேனி நிறம். புலவர்கள் போற்றிய அழகு அது. தலைவனைப் பிரிந்த துயரில் அந்த மாமை மறைந்து மேனி வெளிறிப் போவதைப் பசலை என்றார்கள். அதாவது, வெளுத்துப் போவதை அழகு கெட்டதன் அடையாளமாகவே பழந்தமிழர் கருதினர். இன்று நாம் விலை கொடுத்து வாங்க விரும்பும் வெளுப்பு, அன்று ஒரு நோயின் பெயராக இருந்தது!

அறிவியல் கூறுவதும் வேறன்று. தோலுக்கும் கூந்தலுக்கும் கருமை தருவது மெலனின் என்னும் நிறமி. சூரியனின் புற ஊதாக் கதிர்கள் தோலின் உட்பகுதியைத் தாக்காதவாறு அது ஒரு குடை போல் காக்கிறது. மேட்டூரிலிருந்து பரமத்தி வேலூர் வரை பங்குனி, சித்திரை வெயில் எப்படிக் காயும் என்பதை அறிந்தவர்களுக்கு, இந்தக் குடையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

வண்ணம் வேலை செய்யும் விதம்

ஒரே பெண், ஒரே முகம். ஒரு சேலையில் முகம் ஒளிர்கிறது. மற்றொன்றில் களையிழந்து காணப்படுகிறது. காரணம் என்ன? இதற்கு விடை கண்டவர் ஒரு வேதியியல் அறிஞர். நெசவோடு தொடர்புடையவர் என்பதால், தறி ஓசையில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அவர் கதை சுவையாக இருக்கும்.

பிரான்சு நாட்டின் தலைநகர் பாரிஸில் கோபலின் என்னும் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவாலை உள்ளது. அதன் சாயப் பிரிவுக்கு மிஷெல் ஷெவ்ரல் என்பவர் 1824ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். நீலம், ஊதா நிறப் பகுதிகளின் நிழலுக்காக நெய்யப்படும் கறுப்பு நூலில் கருமை போதவில்லை என்று அவரிடம் முறையீடு வந்தது. அவர் வேறிடத்துக் கறுப்பு நூல்களை வரவழைத்து ஒப்பிட்டார். சாயத்தில் குறையில்லை! அருகில் இருந்த நீலமும் ஊதாவுமே அந்தக் கறுப்பை மங்கலாகக் காட்டின. ஒரு வண்ணம், தன் அருகில் உள்ள வண்ணத்தை வேறாகக் காட்டும் என்ற உண்மையை விளக்கி, 1839இல் அவர் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலில் பெண்களின் ஆடை வண்ணங்களையும் ஆராய்ந்தார். பொன்னிறக் கூந்தலாருக்கு வானநீலம் சிறக்கும். கருங்கூந்தலாருக்கு மஞ்சளும், செம்மஞ்சள் சாய்ந்த சிவப்பும் சிறக்கும் என்பது அவர் முடிவு.

மாம்பழ மஞ்சளையும் அரக்கையும் நம் பாட்டிமார்கள் மணப்பெண்ணுக்குத் தேர்ந்தெடுத்தது வெறும் வழக்கம் அன்று என்பது இதிலிருந்து புலனாகிறது. கண்ணால் கண்டு தேர்ந்த அறிவு அது.

மேலைநாட்டு அறிவுரை நமக்குப் பொருந்துமா?

ஆங்கில இதழ்களில் புரூனெட் என்ற சொல்லை நீங்கள் கண்டிருக்கலாம். பொன்னிறம், செம்பட்டை, பழுப்பு, கறுப்பு என்று பலவகைக் கூந்தல் உள்ள நாடுகளில், கருமையோ பழுப்போ ஆன கூந்தலை உடைய பெண்ணை அப்படி அழைப்பார்கள். அவர்களுக்கான ஒப்பனைக் குறிப்புகள் பெரும்பாலும் வெளிறிய மேனியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கருங்கூந்தலோடு மாநிறமும் சேர்ந்த நமக்கு அவை அப்படியே பொருந்தா.

1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் கரோல் ஜாக்சன் என்பவர் எழுதிய 'கலர் மீ பியூட்டிஃபுல்' என்ற நூல், பெண்களை நான்கு பருவங்களாகப் பிரித்து வண்ணம் கூறிப் பெரும் புகழ் பெற்றது. அதில் ஆசியப் பெண்களுள் மிகப் பெரும்பாலோர் குளிர்காலம் என்ற ஒரே அறையில் அடைக்கப்பட்டனர். நம் வீடுகளில் ஒரு தாய் வயிற்றுச் சகோதரிகள் மூவர் மூன்று நிறமாக இருப்பார்கள். அவர்கள் அனைவருக்கும் ஒரே அறை போதுமா? ஆகவே நம் நிறத்தை நாமே கண்டறிவதே சிறந்தது.

உங்கள் நிறத்தை நீங்களே அறியுங்கள்

காலை ஒன்பது மணி அளவில், நேர் வெயில் படாத சன்னல் அருகில், ஒப்பனை ஏதுமின்றிக் கண்ணாடி முன் அமருங்கள். தூய வெள்ளைத் துணி ஒன்றையும் சந்தன நிறத் துணி ஒன்றையும் மாற்றி மாற்றி முகவாய்க்குக் கீழே பிடியுங்கள். சந்தன நிறத்தில் முகம் தெளிவாகத் தோன்றினால் உங்கள் மாநிறம் பொன்மை சார்ந்தது. தூய வெள்ளையில் தெளிவாகத் தோன்றினால் அது செம்மையோ நீலக் கருமையோ சார்ந்தது. இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் நீங்கள் நடுநிலை. பெரும்பாலான வண்ணங்கள் உங்களுக்குப் பொருந்தும்.

நகையைக் கொண்டும் சோதிக்கலாம். தங்க வளையல் கையோடு இழைந்து ஒளிர்கிறதா, வெள்ளி எடுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். சேலத்து வெள்ளிக் கொலுசு பொன்மை சார்ந்த பாதத்தில் மென்மையாகவும், ஆழ்ந்த கருநிறப் பாதத்தில் மின்னலெனவும் தோன்றுவதைக் காணலாம். மணிக்கட்டு நரம்பின் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் முறையொன்று இதழ்களில் அடிக்கடி வருகிறது. ஆழ்ந்த நிறத் தோலில் நரம்பு தெளிவாகத் தெரியாதாகையால் அதை நம்ப வேண்டாம்.

சேலையும் சுடிதாரும்

பொன்மை சார்ந்த மாநிறத்துக்கு அரக்கு, செங்கல் சிவப்பு, மாம்பழ மஞ்சள், இலைப்பச்சை, மயில்கழுத்து, தேன் நிறம் ஆகியவை அழகூட்டும். செம்மை சார்ந்த மாநிறத்துக்கு மாதுளைச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம், கருநீலம், மரகதப் பச்சை ஆகியவை நன்று. ஆழ்ந்த கருநிறத்துக்கு வாடாமல்லி, மயில்நீலம், கடுகு மஞ்சள், தூய வெண்மை ஆகியவை மிக எடுப்பானவை.

கறுப்பு நிறத்தவர் வெளிர் வண்ணமே உடுத்த வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. அடர்ந்து தெளிந்த வண்ணங்களைத் தாங்கி நிற்கும் வலிமை கருநிறத்துக்கே மிகுதி. சாயம் போனது போன்ற வெளிர் சாம்பலும், மங்கிய இளஞ்சிவப்பும்தான் முகத்தைச் சோர்வாகக் காட்டும். அதுபோலவே, தோலின் நிறத்தோடு அப்படியே ஒன்றிப் போகும் காவி, மண் நிறங்களை முகத்தருகே தவிர்க்க வேண்டும். உடுத்தியே ஆக வேண்டுமானால், பளிச்சென்ற கரை இருக்கட்டும்.

சேலை வாங்குகையில் உடலின் வண்ணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முகத்துக்கு அருகில் வருவது முந்தியும் இரவிக்கையும்தான். இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலைகளில் உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கும் முந்திக்கும் எதிர் வண்ணம் என்று அமைப்பார்கள். உங்களுக்கு உகந்த வண்ணம் முந்தியில் வருமாறு தேர்ந்தெடுத்தால், உடலில் எந்த வண்ணம் இருந்தாலும் கவலையில்லை. இராசிபுரத்துப் பட்டில் பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு வேறு நிறமும் சேர்த்து நெய்த இரட்டை வண்ணச் சேலை கிடைத்தால், அதை மடித்துத் தோளில் இட்டு அசைத்துப் பாருங்கள். மடிப்பில் ஒரு நிறமும் விரிப்பில் ஒரு நிறமுமாக அது மாறும். கருங்கூந்தலுக்கு அருகில் அந்த மாற்றம் தனியழகு.

கடை விளக்கின் ஒளியை நம்பாதீர்கள். விளக்கொளியில் ஒன்றாகத் தோன்றிய சேலையும் இரவிக்கைத் துணியும் வெளியே வந்ததும் வேறு வேறாகத் தெரிவது இயல்பு. கடைக்காரரிடம் சொல்லி வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பாருங்கள். நல்ல வணிகர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கோடைக்குப் பருத்தியே சிறந்தது. அடர் வண்ணப் பருத்திக்குக் கஞ்சி இடும்போது சிறிது கவனம் வேண்டும். நம் பகுதியில் தாராளமாகக் கிடைக்கும் சவ்வரிசியைக் காய்ச்சி, வடிகட்டி, நன்றாக நீர்க்கக் கரைத்து இடுங்கள். கெட்டிக் கஞ்சி கருநீலத்திலும் கறுப்பிலும் வெள்ளைத் திட்டாகப் படியும். துணியை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி நிழலில் உலர்த்தினால் வண்ணம் நெடுநாள் நிலைக்கும்.

முக்காடே முகத்தின் சட்டகம்

மேலைநாட்டு நூல்கள் கூறாத ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு முகத்தைச் சுற்றிய சட்டகம் கூந்தல். வெளியில் செல்லும் நமக்கோ முக்காடுதான் சட்டகம். முகத்துக்கு மிக அருகில், மூன்று புறமும் சூழ்ந்திருக்கும் துணி அது. ஷெவ்ரல் கண்ட விதி முதலில் வேலை செய்வது இங்கேதான்.

கறுப்பு முக்காடு நம் கூந்தலின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே மாநிறத்துக்கு அது இயல்பாகவே பொருந்துகிறது. மிக ஆழ்ந்த கருநிறத்தவர் கறுப்பு முக்காட்டின் உள்ளே அரக்கு, கரும்பச்சை, கருநீலம் போன்ற நிறத்தில் ஓர் உள்பட்டி அணிந்தால் முகத்தின் எல்லை தெளிவாகத் தெரியும். தொழுகையின் வெள்ளைத் துப்பட்டியில் தங்கள் முகம் அழகாகத் தோன்றுவதைப் பல பெண்கள் கூறுவார்கள். தூய வெண்மையும் கருநிறமும் ஒன்றையொன்று சிறப்பிப்பதால் ஏற்படும் அழகு அது. சாம்பல், மண் நிற முக்காடுகள் இக்காலத்தில் பரவியுள்ளன. அவற்றை வாங்குமுன் சன்னல் அருகில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். பலருக்கு அவை முகத்தின் ஒளியைக் குறைக்கும்.

வெளியில் அடக்கமும் வீட்டில் அலங்காரமும் நம் மார்க்கம் காட்டும் ஒழுங்கு. கணவர் முன்னும், பெண்கள் மட்டும் கூடும் மருதாணி இரவிலும், பெருநாள் வீட்டிலும் நீங்கள் விரும்பிய வண்ணத்தில் மகிழ்ந்திருக்கத் தடையில்லை.

முகப்பூச்சில் கவனம்

நாம் செய்யும் பெரும்பிழை, தோலை விட இரண்டு படி வெளுத்த அடிப்பூச்சை வாங்குவது. அதனால் முகம் வெளுப்பதில்லை. சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக நிற்கிறது. ஃபவுண்டேஷன் என்னும் அடிப்பூச்சைக் கையில் தடவிப் பார்க்காமல், தாடையின் ஓரத்தில் சிறிது தடவி, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய இடம் எது என்று தெரியாமல் மறைந்து போகும் நிறமே உங்களுடையது. வெள்ளை டால்கம் பவுடரை அள்ளிப் பூசுவதும் இதே சாம்பல் தோற்றத்தையே தரும்.

உதட்டுக்கு மாதுளை, செங்கல், நாவற்பழம், காப்பி ஆகிய சாயல்கள் நமக்கு இயல்பானவை. வெளிர் இளஞ்சிவப்பு உதட்டைத் தனியே பிரித்துக் காட்டும். கருங்கூந்தலும் கருவிழியும் உள்ள நமக்குக் கண்மை ஒன்றே பாதி ஒப்பனை.

சுர்மா பற்றி ஓர் எச்சரிக்கை. இஸ்மித் என்னும் அஞ்சனக்கல்லால் கண்ணுக்கு மை தீட்டுவது ஹதீஸ்களில் சிறப்பித்துக் கூறப்பட்டுள்ளது. ஆனால் சுர்மா என்ற பெயரில் விற்கும் பொடிகள் பல, ஈயம் கலந்த கல்லை அரைத்துச் செய்யப்பட்டவை எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். சேர்மானம் அச்சிடாத சுர்மாவைப் பச்சிளங் குழந்தைகளின் கண்ணில் இடவே இடாதீர்கள்.

நகப்பூச்சு நகத்தின் மேல் ஏடு போலப் படிந்து நீரைத் தடுப்பதால் ஒளுவுக்கு முன் அதை நீக்க வேண்டும். நீரில் கரையாத இமைமையும் உதட்டுச் சாயமும் அவ்வாறே. மருதாணியோ தோலில் சாயமாக ஊறி நிற்பது, நீரைத் தடுக்காது. தொழுகையாளிக்கு இதைவிட எளிய அழகுப் பொருள் வேறில்லை.

கூந்தலுக்கு எந்தச் சாயல்?

மக்கா வெற்றியின் நாளில் அபூகுஹாஃபா (ரலி) அவர்களின் நரைத்த தலையைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், அந்த வெண்மையை மாற்றும்படியும் கறுப்பைத் தவிர்க்கும்படியும் கூறியதாக முஸ்லிமில் வருகிறது. நரையை மாற்றச் சிறந்தவை மருதாணியும் கதம் என்னும் செடியும் என்ற செய்தி அபூதாவூத், திர்மிதி நூல்களில் உண்டு. முழுக் கறுப்புச் சாயம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அழகுக் கண்ணோட்டத்தில் பார்த்தாலும், வயது ஏறிய முகத்துக்கு மைக்கறுப்பை விடக் கரும்பழுப்பே இணக்கமாக இருக்கும்.

மருதாணி இலையில் உள்ள லாசோன் என்ற பொருள் முடியின் புரதத்தோடு பிணைகிறது. அது கருமையை வெளுக்காது. ஆகவே முழுக் கருங்கூந்தலில் வெயில் படும்போது மட்டும் செம்மை மின்னும். நரையில் செம்மஞ்சளாகத் தெரியும். அந்தச் செம்மை வேண்டாம் என்பவர்கள், மருதாணியை அலசிய பின் அவுரி இலைப்பொடியைக் குழைத்துப் பூசினால், பூசும் நேரத்தைப் பொறுத்துப் பழுப்பிலிருந்து கருமை வரை பெறலாம். சாயத்துக்காக அவுரி இன்றும் திண்டிவனம் பகுதியில் பயிரிடப்படுகிறது.

கடைச் சாயம் வாங்குவோர் பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்பது கறுப்பு, 3 கரும்பழுப்பு, 4 நடுப்பழுப்பு, 5 இளம்பழுப்பு. எண் கூடக் கூட வெளிர்ந்து செல்லும். நம் கூந்தலின் இயல்பு 1 அல்லது 2. மாநிறத்துக்கு 3, 4 ஆகிய படிகளும், அவற்றில் செம்மை கலந்த மெரூன் சாயலும் பொருந்தும். பெட்டியில் உள்ள படத்தின் இளம்பழுப்போ பொன்னிறமோ நம் கூந்தலில் அப்படியே வராது. அதற்கு முதலில் கருமையை வெளுக்க வேண்டும். வெளுக்கும்போது கருங்கூந்தல் சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் என்று படிப்படியாக மாறும். ஒவ்வொரு படியிலும் முடி வலுவிழக்கும். முழுத்தலை வெளுப்புக்கு ஆசைப்படுமுன் இதை எண்ணிப் பாருங்கள்.

கருஞ்சாயங்களில் பெரும்பாலும் பி.பி.டி. எனப்படும் பாராஃபினைலீன் டைஅமீன் உள்ளது. சிலருக்கு இதனால் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு முகமும் கண்ணும் வீங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் கைகளைக் கறுக்கச் செய்யும் 'கறுப்பு மருதாணி' கோன்களில் இதே பொருள் கலந்திருக்கக்கூடும். உண்மை மருதாணி முதலில் செம்மஞ்சளாகவே சிவந்து, ஓரிரு நாளில்தான் ஆழ்ந்த பழுப்பாகும். மணப்பெண்ணின் கையில் கொப்புளம் எழும்பிய பின் வருந்திப் பயனில்லை. சாயப் பொட்டலங்கள் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தானவை, பூட்டி வையுங்கள்.

கூந்தலின் கருமையைக் காக்க நம் கொங்குப் பகுதிக்கு உரிய அரப்புத்தூளை மறக்க வேண்டாம். உசிலை மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்த அது, சீயக்காயை விட மென்மையாக எண்ணெய் நீக்கும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் தலை முழுகினால் கூந்தல் வறண்டு ஒளியிழக்கும். காவிரிக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடம் எடுத்து வைத்து, கடைசி அலசலை அதில் செய்யுங்கள். வேறுபாடு அந்த வாரமே தெரியும்.

வெளுக்கும் பூச்சுகளின் விபரீதம்

இப்போது முன்னர் குறிப்பிட்ட மருத்துவமனைச் செய்திக்கு வருவோம். அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 முதல் 2023 வரை சிறுநீரக வடிகட்டியைத் தாக்கும் ஒரு நோயோடு வந்தவர்களை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். 22 நோயாளிகளுள் 15 பேருக்கு அந்நோயின் அரிய வகை ஒன்று இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் தோலை வெளுக்கும் பூச்சுகளைப் பயன்படுத்தியவர்கள்! அத்தகைய பூச்சுகளில் கலக்கப்படும் பாதரசமே இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. பூச்சை நிறுத்திய பின் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல்.

பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுப்பதால் தோல் வெளுப்பது போல் தோன்றும். ஆனால் அது தோல் வழியே உடலுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாயின் முகத்திலும் தலையணையிலும் இருந்து கைக்குழந்தைக்கும் பரவும். பாதரசம் சேர்த்து அழகுப்பொருள் தயாரிப்பதை இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் தடை செய்கின்றன. தற்செயலாகக் கலப்பதும் பத்து இலட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. கண் பகுதிப் பூச்சுகளுக்கு மட்டுமே 70 பங்கு வரை இடமுண்டு. ஆயினும் உற்பத்தியாளர் முகவரி இல்லாத டப்பாக்கள் அழகுப்பொருள் கடைகளிலும், தெரிந்தவர் கை வழியாகவும் விற்பனையாகின்றன.

மற்றொன்று ஸ்டீராய்டு பூச்சு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களைக் குழாயில் கண்டால், அது தோல் நோய்க்கு மருத்துவர் கண்காணிப்பில் சில நாள் பூசும் மருந்து. அழகுப் பொருள் அன்று. நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து, முகம் சிவந்து, பரு வெடித்து, உரோமம் வளரும். நிறுத்தினால் எரியும், ஆகவே மீண்டும் பூசத் தூண்டும். இத்தகைய பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று 2018இல் மத்திய அரசு ஆணையிட்டது.

இத்தகைய பூச்சுகளை நீண்ட நாள் பூசியவர்களுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் அடங்காத நுரையோ தோன்றினால் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். பூசிய பொருளின் டப்பாவையும் கையோடு கொண்டு போங்கள். வெட்கப்பட்டு மறைப்பதால் நோய்க்குக் காரணம் தெரியாமல் போய்விடும்.

மாமியார்களாகப் போகும் தாய்மார்களுக்கு

1975இல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி என்ற பூச்சின் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல், உலகெங்கும் எழுந்த எதிர்ப்பால் 2020இல் நீக்கப்பட்டு, குளோ அண்ட் லவ்லி ஆயிற்று. சென்னையிலிருந்து 2009இல் ஒரு பெண்கள் அமைப்பு, கருமையே அழகு என்று பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் தொடங்கிற்று. வணிகரே பெயரை மாற்றிக்கொண்ட பின்னும், நம் மண விளம்பரங்களில் "நல்ல நிறமான மணமகள் தேவை" என்ற வரி மட்டும் மறையவில்லை. கறுப்பு நல்ல நிறம் இல்லையா? மணமுடிக்கப் பெண்ணிடம் பார்க்கப்படும் நான்கை எண்ணிச் சொல்லி, அவற்றுள் மார்க்கப் பற்றையே தேர்ந்தெடுக்கச் சொன்ன நபிமொழியை நாம் நிக்காஹ் மேடைதோறும் கேட்கிறோம். பெண் பார்க்கும் கூடத்திலும் அதை நினைவில் கொள்ள வேண்டாமா?

அபூதர் (ரலி) அவர்கள் ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இகழ்ந்தபோது, அறியாமைக் காலத்தின் குணம் அவரிடம் இன்னும் இருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்ததாகப் புகாரியில் காண்கிறோம். அத்துணைப் பெரிய தோழருக்கே கிடைத்த கண்டிப்பு அது. ஒரு வீட்டுக் கூடத்தில் தேநீர்த் தட்டோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து, "கொஞ்சம் நிறம் கம்மி" என்று அவள் காதுபடச் சொல்லிச் செல்வது எத்தகைய செயல்? அந்தச் சொல்தான் அவளை அந்த டப்பாவிடம் அனுப்புகிறது என்பதைத் தாய்மார்கள் உணர வேண்டும்.

சகோதரிகளே! அடுத்த பெருநாளுக்குத் துணி எடுக்கச் செல்லும்போது உங்கள் மகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவள் கை எந்த வண்ணத்தின் மேல் முதலில் படுகிறது என்று பாருங்கள். அது வாடாமல்லியானாலும், மாம்பழ மஞ்சளானாலும், வாசல் வெளிச்சத்தில் அவள் தோள் மேல் இட்டுப் பாருங்கள். பொருந்தினால், யார் என்ன சொன்னாலும் அதையே வாங்கிக் கொடுங்கள்.

அழகிய தோற்றத்தில் நம்மைப் படைத்த வல்ல நாயன், அத்தோற்றத்தைப் பொருந்திக்கொள்ளும் மனத்தையும், பிறர் தோற்றத்தை இகழாத நாவையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.